பெட்டிக்குள் ஒரு ஏரி

பொன்னந்தாங்கல்காரர்களுக்கு மூளை கிடையாது என்று பக்கத்து ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நானும் அந்த ஊர்க்காரன்தான், அடித்துச் சொல்வேன்: இருக்கிறது, ஆனால் அதை நாங்கள் வீணாகச் செலவழிப்பதில்லை.

மின்கம்பி முடிகிற கடைசி ஊர் எங்களுடையது. மோட்டாருக்குச் சாயங்காலம்தான் கரண்ட் விடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவோம். எல்லா மோட்டாரும் முனகும், ஒன்றும் சுற்றாது. என் அரை ஏக்கர் கத்தரி வாடிக்கொண்டிருந்தது. அந்தச் செடிகளைப் பார்த்தால் எனக்கு அழுகையே வரும்.

இன்ஜினியர் மேகலை ஒரு பெரிய பேட்டரிப் பெட்டியோடு வந்தார்.

"புதுக் கம்பி இழுக்க வருஷக்கணக்கா ஆகும். இது பகல்ல தானா நிறையும். சாயங்காலம் இந்த சுவிட்சைத் தூக்கிவிடுங்க, மோட்டார் ஓடும். உங்க ஏரி மாதிரின்னு நினைச்சுக்குங்க."

ஏரியைப் பற்றி எங்களுக்கா தெரியாது! அவர் ஜீப் திரும்புவதற்குள் பெட்டியைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குக் கரை போட்டுவிட்டோம்.

ஏரிச் சங்கத் தலைவர் தாண்டவராயன் கூட்டம் கூட்டினார்.

"மீன் குத்தகை யாருக்கு?"

"மொதல்ல குஞ்சு விடணும்ணே," என்றார் பூங்காவனத்தக்கா. "எந்தப் பக்கமா விடறது?"

பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தோம். வழி இல்லை. மீன் விஷயம் ஒத்திவைக்கப்பட்டது.

"சரி, மதகு எப்ப தொறக்கறது?" என்று தலைவர் சுவிட்சைக் காட்டினார்.

"ஏரி ரொம்பி வெளியே வழியட்டும். அதுக்கு முன்னாடி தொறந்தா ஊர் வழக்கம் என்னாவறது?"

எல்லாரும் கை தூக்கினோம். முதலில் தூக்கியவன் நான்தான்.

மறுநாளே பெட்டியில் நூறு என்று எண் வந்தது. வழியவில்லை. கரை உயரம் போலிருக்கிறது என்று ஒரு முழம் வெட்டினோம். அப்போதும் வழியவில்லை. ஆறு நாள் சுற்றி உட்கார்ந்து பார்த்ததில் என் கத்தரி தலை தொங்கிப்போனது.

ஏழாம் நாள் சாயங்காலம் மேகலை வந்தார். தலையில் அடித்துக்கொண்டு, கரையைத் தாண்டிப் போய், சுவிட்சைத் தூக்கினார். ஊர் மோட்டார் அத்தனையும் சுற்றின. நான் தோட்டத்துக்கு ஓடினேன். குழாயில் தண்ணீர் கொட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், வாய்க்காலில் இறங்கிக் குதித்தேன்.

அப்போது தாண்டவராயனின் அலறல் கேட்டது.

"நூறு தொண்ணூத்தெட்டாயிடுச்சு! ஏரி ஒடைஞ்சிடுச்சு, ஓடியாங்க!"

ஏரி உடைந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மூட்டையோடு ஓடவேண்டும். அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. ஓடினேன். சுவிட்சை இறக்கியதும் நான்தான். அதன்மேல் பதினோரு மணல் மூட்டை அடுக்கினோம். மோட்டார்கள் நின்றன.

"உங்க தோட்டத்துக்குத்தானேய்யா தண்ணி பாஞ்சுது!" என்று கத்தினார் மேகலை.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்: "தோட்டம் கெடக்கட்டும்மா. ஊரே முழுகியிருக்குமே!"