மரக்காளைக்குப் புகை

பத்து மாத முற்றுகைக்குப் பின் எதிரிகள் கப்பலேறிப் போய்விட்டார்கள். அந்தக் கிரேக்க நகரத்தின் கோட்டை வாசலில் பெரிய மரக்காளை ஒன்று நின்றது.

"தோற்றவர்கள் கடவுளுக்கு வைத்த காணிக்கை. உள்ளே இழுங்கள்," என்றார் தளபதி லைகோன்.

கோயில் பெருக்கும் மெலித்தா மறித்தாள். "வயிற்றுக்குள் ஆள் இருந்தால் ஊரே போய்விடும், ஐயா."

"இருந்தால் காட்டு. இல்லையென்றால் உன் தலை போகும். காணிக்கையில் ஒரு கீறல்கூட விழக் கூடாது."

"புகை காட்டாமல் எந்தக் காணிக்கையையும் கோயிலுக்குள் எடுப்பதில்லையே. அதை மட்டும் செய்கிறேன்."

காளைக்கு அடியில் தணல் சட்டியை வைத்து, ஈர வைக்கோலும் சாம்பிராணியும் போட்டாள்.

காளை தும்மியது.

"அற்புதம்!" என்று லைகோன் கும்பிட்டார்.

காளை நாற்பது குரலில் இருமியது.

மெலித்தா அதன் வயிற்றைத் தட்டினாள். "வாளை முதலில் போட்டுவிட்டு இறங்குங்கள், அண்ணன்மாரே. தளபதி கும்பிட்டபடி காத்திருக்கிறார்."