தோட்டுத் திருகில் ஒட்டிய சேறு

ஆற்றோர ஊர் ஒன்றில், கூட்டுறவுச் சங்கத்து இரும்புப் பெட்டிக்குள் ஒரு ஜோடித் தோடும் ஒரு வளையலும் அக்கம்பக்கமாகக் கிடந்தன.

தோடு காத்தாயியுடையது. வெள்ளத்தில் நாற்று அழுகிப்போன வருசம், மறுநடவுக்காகக் காதிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். அதன் திருகில் வயல் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. எடை போட்டவர் சேற்றுக்கென்று கொஞ்சம் கழித்துக்கொண்டார். காது தூர்ந்துவிடக் கூடாதே என்று அன்றிலிருந்து அவள் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு திரிந்தாள்.

வளையல் பாலகுரு வீட்டுடையது. காத்தாயி குத்தகைக்கு உழுகிற அதே வயலுக்குத் தன் பேரில் இருந்த நிலச் சிட்டாவைக் காட்டி, விவசாயக் கடன் என்று எழுதி அடகு வைத்தார். அந்தப் பணத்தில் வாங்கியது கார்.

ஒருநாள் காலையில் சேதி வந்தது. விவசாயத்துக்காக நகை வைத்தவர்களின் கடன் தள்ளுபடியாம்.

தோடு துள்ளிற்று. "வெள்ளிக்கிழமை என்னை ஏலம் போடுறதா இருந்தாங்க. தப்பிச்சேன்! வீட்டுக்குப் போறேன்!"

"நீ எங்கே போறது?" என்றது வளையல். "உன் சீட்டுல சாதா நகைக்கடன்னு போட்டிருக்கு. உன் ஆளுக்குச் சிட்டா இருக்கா?"

"சிட்டா இல்லே. ஆனா அந்த வயல்ல நிக்கிறது அவதானே?"

நடுவில் மடிந்து கிடந்த சிட்டா நகல் தொண்டையைச் செருமிற்று. "நின்னா ஆச்சா? என்மேல யாரு பேரு இருக்கோ அவங்கதான் விவசாயி."

"அப்படிங்களா அண்ணே? நெல்லு உங்களைப் படிச்சுப் பாத்துட்டா முளைச்சுது?"

சிட்டா மறுபடியும் மடிந்துகொண்டது.

வியாழக்கிழமை நகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். வளையல் மேசைக்கு வந்தது. மறுநாள் ஏலத்துக்கென்று தோடும் வந்தது. தவணை கேட்கலாமென்று காத்தாயி நடவிலிருந்து அப்படியே வந்து வாசலில் நின்றாள்.

பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர், பாலகுருவை மேலும் கீழும் பார்த்தார். சலவைச் சட்டை, கையில் கார் சாவி.

"இவரை விவசாயின்னு போட்டா எவனும் நம்ப மாட்டான் சார்."

சங்கத்துச் செயலாளர் சுற்றிலும் பார்த்தார். "ஏம்மா, காலெல்லாம் சேறா இருக்கே, நல்லதாப் போச்சு. இங்கே வா. இதைக் கையில போட்டுக்கிட்டுச் சிரி."

வளையல் வழுக்கிக்கொண்டு அவள் கையில் ஏறிற்று. அதன்மேல் சேறு படுவது அதுதான் முதல் தடவை.

"பாத்தியா?" என்றது தோடு, மேசையிலிருந்து. "ஒரு படத்துக்குக்கூட உன் ஆளு விவசாயியா நிக்க முடியலே."

வளையல் சேற்றை உதறப் பார்த்தது. தோடு விடவில்லை.

"உன் கடனும் எங்க வயலைக் காட்டி வாங்கினதுதான். அவ அறுத்தா நீ மினுக்குறே. நாளைக்கு என்னை ஏலம் விடுறதைப் பாத்துட்டு நீ கார்ல போ, நல்லாயிருக்கும்."

"இப்ப என்னை என்னடி பண்ணச் சொல்றே?"

"கெட்டியாப் பிடிச்சுக்க. அவ்வளவுதான்."

படம் எடுத்து முடிந்தது. "கழட்டும்மா" என்றார் செயலாளர்.

காத்தாயி இழுத்தாள். வரவில்லை. அவர் இழுத்தார். அசையவில்லை.

"ஏய் காத்தாயி, விளையாடாதே!" என்றார் பாலகுரு.

"நான் எங்கேங்க விளையாடுறேன்? அதுதான் வரமாட்டேங்குது."

"யாருப்பா அங்கே, சோப்புத் தண்ணி கொண்டா!"

காத்தாயி மேசையைப் பார்த்தாள். தோடு கிடந்தது, திருகில் சேற்றோடு. படம் எடுத்தவர் இன்னும் கேமராவை உறையில் போடவில்லை. அவள் காதிலிருந்த வேப்பங்குச்சி இரண்டையும் உருவி, தோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சோப்பெல்லாம் எதுக்குங்க சார்? படத்துல விவசாயி நான்தானே? என் தோட்டைக் கொடுங்க. இது தானாக் கழலும்."