புகையைப் பரிமாறிய மந்திரி

வெகு காலத்துக்கு முன்னே, குறிஞ்சிக்கோட்டை என்ற மலைநாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நண்பகலில் ராஜா மாடத்தில் ஏறிப் பார்த்து, எல்லாக் கூரையிலும் அடுப்புப் புகை தெரிந்த பிறகுதான் சாப்பிட உட்காருவான்.

முன்பெல்லாம் ராணி செண்பகவல்லியும் கூட நிற்பாள். அவன் புகையைப் பார்க்க, அவள் காட்டிலிருந்து வரும் இருவாச்சிப் பறவையின் குரலுக்குக் காத்திருப்பாள். ராணி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். விறகுக்காக மரங்கள் விழ விழ, பறவையும் போய்விட்டது. அந்தக் குரலை ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று ராஜாவின் மனம் கிடந்து ஏங்கியது.

"இனி காட்டில் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது!" என்று ஆணை போட்டான்.

மந்திரி கூத்தபிரான் பதறினார். "ஜனங்கள் எதை வைத்துச் சமைப்பார்கள், மகாராஜா? அயல்நாட்டு விறகுக்கு யானை விலை குதிரை விலை சொல்கிறார்களே!"

காட்டு அதிகாரி பராங்குசராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "மந்திரிக்கு எதிலும் குறைதான். கூரையில் புகை வராவிட்டால் என்னைக் கேளுங்கள், பிரபு" என்றார்.

மறுநாள் எல்லாக் கூரையிலும் புகை. அடுத்த நாளும் அப்படியே. ராஜாவுக்குப் பரம திருப்தி.

"பார்த்தீரா, மந்திரி?"

"பார்த்தேன், மகாராஜா. நாளைக்குத் தங்கள் சாப்பாடு அடியேன் பொறுப்பு."

மூன்றாம் நாள் ராஜா நல்ல பசியோடு இலைமுன் உட்கார்ந்தான். சமையற்கட்டிலிருந்து புகை வந்தது. கண் எரிந்தது, இருமல் வந்தது, சோறு மட்டும் வரவில்லை.

"எங்கே ஐயா சாப்பாடு?"

"புகைதான் வந்துவிட்டதே, இன்னுமா பசி? ஊரே இதைத்தானே சாப்பிடுகிறது! எல்லாம் ஈர வைக்கோல், மகாராஜா. ராயரின் ஆட்கள் வீடு வீடாகப் போய் மிரட்டிக் கொளுத்த வைத்தது. பிள்ளைகள் ஊறவைத்த அரிசியைப் பச்சையாக மெல்லுகிறார்கள்."

ராயருக்கு முகம் செத்துவிட்டது. ராஜா தலைகுனிந்தான்.

"என் ஏக்கத்துக்கு ஊரைப் பட்டினி போட்டேனே! ஆனால் காட்டைத் திறந்தால் அந்தப் பறவை வராதே, கூத்தபிரான்."

"முழுக்க எதற்குத் திறக்க வேண்டும்? பொந்து விழுந்த கிழமரங்களில்தான் அது கூடு வைக்கும்; அவை நிற்கிற உள்காடு பறவைக்கு. அங்கே கோடரி போகக் கூடாது. வெளிக்காட்டைப் பத்துப் பங்காக்கி, வருஷம் ஒரு பங்கு, அடிக்கட்டையை விட்டு வெட்டுவோம். பத்து வருஷத்தில் அது தழைத்து நிற்கும். விறகும் மலிவாகக் கிடைக்கும்."

"பறவை எப்போது வரும்?"

"அதை அடியேனால் சொல்ல முடியாது, மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். ராயருக்கும் ஒரு வேலை கிடைத்தது: தினமும் தெருத்தெருவாகப் போய்ப் பானையைத் திறந்து பார்த்து, சோறு வெந்ததென்று வந்து சொல்ல வேண்டும். அதன்பிறகே ராஜாவுக்கு இலை.

ஏழாம் வருஷம், ஒரு நண்பகலில், காட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"செண்பகம், கேட்டாயா!" என்று ராஜா சட்டெனப் பக்கத்தில் திரும்பினான். அங்கே யாரும் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

ராயர் மூச்சு வாங்க மாடமேறி வந்தார். "எல்லா வீட்டிலும் சோறு வெந்துவிட்டது, பிரபு! இலை போடச் சொல்லட்டுமா?"

"கொஞ்சம் இரும், ராயரே" என்றான் ராஜா. "இன்னொரு தடவை கூவட்டும்."