ஓட்டைப் பண்டாரத்தின் சினம்

புன்னைத்துறை என்னும் கடற்கரையூரில் மங்கைபாகனார் என்று ஓர் அடியார் இருந்தார். பாய்மரத் தோணியில் நீர் இறைப்பதே அவருக்கு வாய்த்த தொண்டு. கரைக்கு எதிரே, கடலுக்குள் தாழைத்தீவு. அங்கே துறைகாத்த நாதர் கோயில். விளக்குக்கு எண்ணெயும் சாமிக்குப் பூவும் அரிசியும் நாள்தோறும் தோணியில்தான் போகவேண்டும். போகும் வழியெல்லாம் அந்தத் தோணியின் அடியில் நீர் ஊறிக்கொண்டிருந்தது. மங்கைபாகனார் குனிந்த முதுகு நிமிராமல் பனையோலைப் பட்டையால் அதை அள்ளிக் கடலில் கொட்டுவார். பட்டைக்கு ஒரு சிவநாமம் சொல்வார். தீவில் மாலை விளக்கு எரியக் கண்ட பிறகே உண்பார்.

அன்பில் நிறைந்தவர். பொறுமையிலும் நிறைந்தவர் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

"ஐயா துறைகாத்தாரே, ஆகாச கங்கையையே சடையில அடக்கினவரு நீரு. இந்தச் சொட்டை அடக்கத் தெரியலியா? இல்லே, வேணும்னே விடுறீரா?" என்று திட்டிக்கொண்டேதான் இறைப்பார். ஆனால் அத்தனை திட்டுக்கு நடுவிலும் நாமம் ஒன்றுகூடத் தவறாது.

பெரிய ஓட்டை என்றால் தானே காட்டிக்கொடுத்திருக்கும். இதுவோ வியர்வைபோல் வந்தது. தோணியை நடத்திய தண்டல் உத்தண்டி அதைக் கரையேற்றி, அடிப் பலகை இடுக்கெல்லாம் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசினார். கடலில் ஓட்டினால் மறுபடியும் ஊறியது. மீண்டும் கரையேற்றி, அரைத் தோணிக்கு நீர் நிரப்பி, எங்கே கசிகிறது என்று எல்லோரும் அடியில் படுத்துப் பார்த்தார்கள். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. நங்கூரம் போட்டு நிறுத்தினால், அப்போதும் உலர்ந்தே கிடந்தது. பாய் விரித்துத் தீவுக்குப் புறப்பட்டால் மட்டும் மங்கைபாகனாரின் கணுக்கால் நனைந்தது.

தச்சர் வந்து அடிமரத்தைக் குறை சொன்னார். வலைக்காரர் ஒருவர், சுக்கானைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். கழற்றினார்கள், மாட்டினார்கள். நீர் வந்தது. ஊரார் மங்கைபாகனாருக்கு ஓட்டைப் பண்டாரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் உத்தண்டிக்கும் பொறுமை போயிற்று. "யோவ் பண்டாரம், உண்மையைச் சொல்லு. நீயே மொண்டு ஊத்துறியா? ஒழுக்கு நின்னுட்டா ஒனக்கு வேலை ஏதுன்னு பயமா?"

மங்கைபாகனார் தீவுப் பக்கம் திரும்பி, "கேட்டீரா? இதையும் கேட்டுக்கிட்டுச் சும்மாதான் இருக்கீரு" என்றார். பிறகு குனிந்து இறைத்தார்.

கார்த்திகை தீபத்தன்று உத்தண்டி முடிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னையோட சரி. நாளைக்குத் தோணியைப் பிரிச்சிடப் போறேன். வேற தோணி வர்றவரைக்கும் தீவுக்கு யாரும் போறதா இல்லே." மழைக்காலம் முழுவதும் சாமி இருட்டில் இருக்கப்போகிறார் என்று எண்ணியபோது மங்கைபாகனாரின் கண் கலங்கியது. கூடவே எரிச்சலும் வந்தது.

தோணியைத் தள்ளும் நேரத்தில் திருநீறு பூசிய கிழவர் ஒருவர் இடுப்பளவு நீரில் வந்து பலகையைப் பிடித்துக்கொண்டார். "என்னையும் ஏத்திக்குங்கப்பா." மங்கைபாகனார் அவரைத் தூக்கி ஏற்றினார்.

அதோடு தொல்லை தொடங்கிற்று. முன்பக்கம் உட்கார்ந்தால் காற்று அடிக்கிறதாம். பின்பக்கம் மீன் நாற்றமாம். "அந்த எண்ணெய்க் குடமெல்லாம் இருக்கே, அந்த எடம் நல்லாருக்கும்போல. நகத்திக் குடேன்."

"சாமி, குடத்தை நகத்துறதுக்குள்ள தண்ணி ஏறிடும். ஒரு எடத்துல உக்காரக் கூடாதா?"

"வயசானவன் கேக்குறேன்."

சிவவேடம் தாங்கியவர் கேட்கிறார். மறுக்க மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குடங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். நீர் கணுக்காலைத் தாண்டி ஏறியது. கிழவர் அங்கே இடப்புறப் பலகையில் வசதியாகச் சாய்ந்தார். பாய் மேலும் காற்றை வாங்கியது. தோணி இன்னும் இடப்புறம் சரிந்தது.

"ஏம்ப்பா, இங்கயும் ஈரம்."

மங்கைபாகனார் பட்டையைக் கீழே போட்டார். "தோணின்னா ஈரமாத்தான் இருக்கும் சாமி! கடல் மேல போறோமா, கட்டில் மேல போறோமா?"

"கத்தாதே. இது தெறிச்ச ஈரம் இல்லே. முதுகுக்குப் பின்னால ஒழுகுது. கையை வெச்சுப் பாரு."

சலிப்போடு கையை வைத்தார். பலகையைத் தாங்கும் வளைசட்டத்துக்குப் பின்னால், பலகை இடுக்கில், நூல்போலக் குளிர்ந்த நீர் விரலில் ஓடியது. "தண்டல், பாயைக் கொஞ்சம் தளத்துங்க!" என்று கூவினார். தோணி நிமிர்ந்தது, நீர் நின்றது. பாய் மீண்டும் புடைத்தது, நீர் வந்தது. நிற்கும்போது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பலகை, சரியும்போது மட்டும் கடலுக்குள் போய்வந்திருக்கிறது. கரையில் அரைத் தோணிக்கு ஊற்றிய நீர் அந்த உயரத்தை எட்டவே இல்லை.

தோள்துண்டைக் கிழித்து, தேங்காய் நாரோடு முறுக்கி, கட்டைவிரல் நோக இடுக்கில் திணித்தார். ஒழுக்கு நின்றது. உத்தண்டி குனிந்து தோணியின் அடியைப் பார்த்தார்; நீர் மேலே ஏறவில்லை.

தீவில் குடங்களை இறக்கிவிட்டுத் திரும்பினால் கிழவரைக் காணவில்லை. 'ஒரு வாய் சோறுகூடத் திங்காமப் போயிட்டாரே' என்று அலுத்துக்கொண்டே மங்கைபாகனார் கோயிலுக்கு நடந்தார்; உத்தண்டியும் பின்னால் வந்தார். தீவிலேயே குடியிருந்த குருக்கள் அப்போதுதான் பூட்டைத் திறந்து உள்ளே போயிருந்தார். உள்ளிருந்து அவர் குரல் கேட்டது.

"யாருய்யா இந்த வேலையைச் செஞ்சது? காலையில சாத்தின பட்டு! பின்பக்கமெல்லாம் நனைஞ்சிருக்கு. தொட்டு நாக்குல வெச்சா உப்புக் கரிக்குது!"

குருக்கள் வெளியே கொண்டுவந்து காட்டிய ஈரப்பட்டில் தேங்காய் நார் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உத்தண்டி அதைப் பார்த்தார்; பிறகு அப்படியே மங்கைபாகனாரின் காலில் விழுந்தார். மங்கைபாகனார் அதைக் கவனிக்கவே இல்லை.

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா நீரு?" என்று கருவறையைப் பார்த்துக் கேட்டார். கண்ணீர் மார்பில் வழிந்தது. "உம்மையா நான் அப்படிக் கத்தினேன்? ஈரத்துல உக்காந்து வந்தீரே, சளி புடிச்சா என்ன பண்ணுவீரு?"

தம்மிடம் இருந்த உலர்ந்த வேட்டியைக் குருக்கள் கையில் கொடுத்து, சாமிக்கு மாற்றச் சொன்னார். அன்றைய தீபம் அந்தப் பழைய வேட்டிக்கு முன்னால்தான் ஏறியது. இறைவரிடம் கோபிக்கும் உரிமையை அன்பினாலேயே பெற்ற மங்கைபாகனாரின் திருவடி வாழ்க.