சனிக்கோள் படம் பார்த்த சாத்தங்கோட்டை வில்லாளிகள்

சாத்தங்கோட்டையில் வில்வித்தைக் கழகம் என்று ஒன்று இருந்தது. நாலு உறுப்பினர், நாலு வில். ஆறு வருஷமாக ஞாயிறு தவறாமல் எய்தார்கள். ஒரு அம்புகூடப் பலகையில் பட்டதில்லை என்பதால் பலகை மட்டும் வாங்கின அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், "சாமான் வச்சுப் பிழைக்கத் தெரிஞ்சவங்க நாம" என்று தலைவர் பெருமைப்படுவார்.

தலைவர் வேலாயுதம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் ரெண்டு விசில் கொடுத்தால் எய்யணும், ஒரு விசில் கொடுத்தால் நிறுத்தணும். சீனிவாசகம் டுடோரியலில் பூகோளம் நடத்துகிற வாத்தியார். கழகத்தின் மூளை அவர்தான் என்று எல்லாரும் சொன்னார்கள், அவரும் மறுத்ததில்லை. மாடக்கண்ணுவுக்கு மாவு மில். நாலாவது ஆள் குருவையா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. இந்தக் கதை பெரும்பாலும் அவருக்கு நடந்ததுதான்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் காகிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டே இருப்பவர் குருவையா. ஞாயிற்றுக்கிழமை வில்லைக் கையில் எடுக்கும்போதுதான் அவருக்குத் தான் ஒரு அசல் என்று தோன்றும். அதனால் மைதானத்துக்கு ஆபத்து வந்தபோது மற்ற மூன்று பேரைவிட அவருக்குத்தான் அதிகம் வலித்தது.

ஆபத்து இறகுப்பந்துக்காரர்கள் வடிவில் வந்தது. "மைதானத்தை எங்களுக்குக் கொடுங்கள், அவர்கள் சும்மா அம்பு பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்" என்று பேரூராட்சியில் மனு கொடுத்துவிட்டார்கள். செயல் அலுவலர் எஸ்தர் நேரில் வந்து நாலு பேரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு வர்றேன். ஆளுக்கு ஒரு அம்பு. ஒன்னாவது பலகையில பட்டா மைதானம் உங்களுக்கு. இல்லைன்னா அவங்களுக்கு. கடைசி அம்பு வந்து விழுந்த பிறகுதான் முடிவு எழுதுவேன். சரிதானே?"

"சரிங்க மேடம்" என்றார் தலைவர். "கடைசி அம்பு வந்து விழணும். குறிச்சுக்கோ குருவையா."

குருவையா அதை எழுதி, பத்துப் பிரதி எடுத்து, ஆளுக்கு ரெண்டரை வீதம் கொடுத்தார்.

அந்த வாரம்தான் டவுனில் 'சனிக்கோள் சம்ஹாரம்' படம் வந்தது. போஸ்டரில் கதாநாயகன் ஆகாயத்தில் மிதந்துகொண்டு வில்லை வளைத்துக்கொண்டிருந்தான். பின்னால் நாலைந்து கிரகம் எரிந்துகொண்டிருந்தது. உலகமெல்லாம் ஓடுகிற படம், முப்பரிமாணம், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்றார்கள்.

"பயிற்சிக்குப் பயிற்சியாச்சு" என்று நாலு பேரும் கிளம்பிப் போனார்கள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கதாநாயகன் வரிசையாக எய்த அம்புகள் திரையைவிட்டு வெளியே வந்து கொட்டகைக்குள் பாய்ந்தன. மாடக்கண்ணு நாற்காலிக்கு அடியில் புகுந்தார். தலைவர் ஒரு விசில் கொடுத்தார், படம் நிற்கவில்லை. குருவையா மட்டும் அசையாமல் உட்கார்ந்து எண்ணினார்.

விளக்குப் போட்டதும் நாலு பேரும் குனிந்து நாற்காலி நாற்காலியாகத் தேட ஆரம்பித்தார்கள். டார்ச் லைட்டோடு வந்த தியேட்டர் ஊழியர், "என்ன அண்ணாச்சி, ஏதும் விழுந்துட்டா?" என்று கேட்டார்.

"பதினொரு அம்பு" என்றார் குருவையா. "அவர் எய்தாரு, இந்தப் பக்கம்தான் வந்து விழுந்துது. பக்கத்துல இருக்கறவங்க பொறுக்கிக் கொடுக்கணும். அதுதான் முறை. ஒரு கொண்டை ஊசியும் ஒத்தைச் செருப்பும்தான் கிடைச்சிருக்கு."

ஊழியர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பல படம் ஓட்டின அனுபவசாலி. "நீங்க சிரமப்படாதீங்க அண்ணாச்சி. ஒவ்வொரு காட்சி முடிஞ்சதும் நாங்களே பெருக்கி எடுத்து அடுத்த காட்சிக்கு உள்ள வச்சிருவோம்" என்றார்.

"இப்படி ஒழுங்கு இருக்கறதாலதான் இவ்வளவு பெரிய படம் எடுக்க முடியுது" என்று தலைவர் மெச்சினார்.

படம் விட்டதும் எதிர்த்த டீக்கடையில் விமர்சனம் நடந்தது.

"முழங்கை தாழ்ந்திருந்துச்சு. நம்ம கழகத்துல இருந்திருந்தா வெளியே நிறுத்தியிருப்பேன்" என்றார் தலைவர்.

"ஆகாயத்துல அவ்வளவு மேல காத்தே கிடையாது தலைவரே. ஆனா அவனுக்கு முடி பறக்குது. அது எப்படி?" என்று வாத்தியார் கேட்டார்.

மாடக்கண்ணு யோசித்தார். "எண்ணெய் வைக்கலையோ என்னவோ."

"இருக்கலாம்" என்று வாத்தியார் ஒப்புக்கொண்டார்.

குருவையாவுக்கு முழங்கையும் முடியும் பெரிதாகப் படவில்லை. அவர் மனசைப் பிடித்துக்கொண்டது ரெண்டு விஷயம். ஒன்று, கதாநாயகன் விட்ட கடைசி அம்பு சனிக்கோளை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து வில்லன் முதுகில் குத்தியது. இன்னொன்று, நீலத் தாடி வைத்த குரு அவனுக்குச் சொன்ன வாக்கு. "மகனே, நீ இலக்கைப் பார்க்காதே. இலக்கு உன்னைப் பார்க்கட்டும்."

"ஆறு வருஷமா நாம தப்பாப் பண்ணிட்டோம். நாமதான் பலகையைப் பார்த்துக்கிட்டே இருந்தோம்" என்றார் குருவையா.

மற்ற மூவரும் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஆனா பலகை நம்மைப் பார்க்கணும்னா அதுக்குக் கண் வேணுமே" என்றார் வாத்தியார்.

மறுநாளே கண் வரைந்தார்கள். பெயரிலேயே கண் இருப்பதால் அந்த வேலை மாடக்கண்ணுவிடம் போயிற்று. ரெண்டு பெரிய கண்ணும், வெறும் கண் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று கீழே ஒரு மீசையும் வரைந்தார். வரைந்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் கருவிழி ஓரமாகப் போயிருப்பது தெரிந்தது. பலகை அவர்களைப் பார்க்கவில்லை. மைதானத்தின் மேற்கு ஓரத்து டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அழிச்சு வரையலாமா?" என்று கேட்டார் மாடக்கண்ணு.

"பெயிண்ட் காயட்டும். அதுக்குள்ள நாம நகர்ந்துக்கிடுவோம்" என்றார் தலைவர். ஆறு வருஷமாக நின்ற இடத்தை விட்டு நாலு பேரும் டீக்கடை வாசலுக்கு மாறினார்கள். டீக்கடைக்காரர் அன்றைக்கே பாய்லரை உள்ளே தள்ளி வைத்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. எஸ்தர் மேடமும் சொன்ன நேரத்துக்கு ஃபைலோடு வந்தார். எங்கே உட்காரலாம் என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"பலகைக்குப் பக்கத்துல போட்டுக்கோங்க மேடம்" என்று அவர் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொடுத்தார். "இந்த ஊர்லயே பத்திரமான இடம் அதுதான்."

இறகுப்பந்துக்காரர்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள். வில்லாளிகள் நாலு பேரும் இலக்கைப் பார்த்துவிடக் கூடாது என்று துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார்கள்.

முதலில் தலைவர். வில்லை வளைத்து, வாயால் ரெண்டு விசில் கொடுக்கப் பார்த்தார். மூச்சு போதாமல் ரெண்டாவது விசில் வராமல் போனதால், முப்பது வருஷப் பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார். அம்பு தானாகக் கழன்று அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

அடுத்து மாடக்கண்ணு. அவர் அம்பு டீக்கடைக்குள் போய்க் கண்ணாடி ஜாடியிலிருந்த பன்னில் நின்றது. அவர் எந்தத் திசையைப் பார்த்து நின்றுகொண்டு எய்தார் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது வாத்தியார். படத்தில் செய்த மாதிரி பத்திலிருந்து கீழே எண்ணினார். மூன்று, ரெண்டு, ஒன்று, சைபர். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

"என்னாச்சு வாத்தியாரே?" என்றார் தலைவர்.

"சைபர் ஆயிடுச்சு தலைவரே. சைபர்னா ஒன்னுமில்லைன்னு அர்த்தம். ஒன்னுமில்லாதப்ப எதை எய்யறது?" என்று வாத்தியார் வில்லைக் கீழே வைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது குருவையா மட்டும். அம்பின் வாலில் தன் கையால் சிவப்பு மையில் 'கு' என்று எழுதியிருந்தார். அதை விரலால் ஒருமுறை தடவிக்கொண்டார். துண்டுக்குள் இருட்டு. நெஞ்சு அடிக்கிற சத்தம் ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற மாதிரி கேட்டது. மைதானம் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறக்க வேண்டியதுதான் என்று நினைத்தார். பலகை தன்னைப் பார்க்கிறது என்று நம்பி நாணை முழுசாக இழுத்து விட்டார்.

அம்பு பலகைக்கு மேலே, எஸ்தர் மேடத்தின் தலைக்கும் மேலே, வேலிக்கருவை மரங்களுக்கும் மேலே கிழக்கே போய் மறைந்தது. எங்கும் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கண்கட்டை அவிழ்த்துவிட்டு நாலு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். இறகுப்பந்துக்காரர்கள் வலையை விரிக்க ஆரம்பித்தார்கள்.

"பொறுங்க" என்றார் குருவையா. "இன்னும் விழலை."

வாத்தியாருக்குத்தான் முதலில் விளங்கியது. "சுத்தி வருது" என்றார் மெதுவாக. "பூமி உருண்டை. கிழக்கால போனது மேற்கால வரும்."

நாலு பேரும் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றார்கள். எஸ்தர் மேடம் எழுந்து வந்து, "என்ன பண்றீங்க?" என்று கேட்டார்.

"அம்பு வந்துக்கிட்டு இருக்கு மேடம்" என்று குருவையா பிரதியை நீட்டினார். "கடைசி அம்பு வந்து விழுந்த பிறகுதான் முடிவுன்னு நீங்க சொன்னது. இதோ, இது உங்க பிரதி."

எஸ்தர் மேடம் காகிதத்தைப் படித்தார், மேற்கே பார்த்தார், பிறகு டீக்கடைப் பக்கம் திரும்பி ஒரு டீ சொன்னார்.

"எவ்வளவு தூரம் வாத்தியாரே?" என்றார் தலைவர்.

"நாற்பதாயிரம் கிலோமீட்டர்."

"பாயிண்ட் டு பாயிண்டா, எல்லா ஸ்டாப்பிங்லயும் நிக்குமா?"

"அம்பு எங்கயும் நிக்காது தலைவரே."

"அப்ப இருட்டறதுக்குள்ள வந்துரும்" என்றார் தலைவர்.

மாடக்கண்ணு ஒரு சந்தேகம் கேட்டார். "மேற்கால இருந்து வந்தா, முதல்ல நம்ம மேலதானே படும்?"

அதில் நியாயம் இருந்தது. நாலு பேரும் வழியை விட்டு ஓரமாக நகர்ந்து, டீக்கடை பெஞ்சையும் நகர்த்தி, எஸ்தர் மேடத்தையும் மரியாதையாகப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தார்கள்.

கால் மணி நேரம் போயிருக்கும். கிழக்கே ஓடைப் பக்கமிருந்து ஆடு மேய்க்கிற பேச்சியம்மாள் வந்தாள். கையில் ஒரு அம்பு.

"யாரு போட்டது இது? ஓடையில எங்க கிடா பக்கத்துல வந்து குத்திட்டு நிக்குது."

"சரி, விழுந்தாச்சு" என்று எஸ்தர் மேடம் பேனாவைத் திறந்தார்.

வாத்தியார் அம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேடம், அவசரப்படாதீங்க. இது கிழக்குல கிடைச்சிருக்கு. எங்க அம்பு மேற்கேயிருந்துல்ல வரணும். ஆக இது எங்க அம்பு இல்ல."

"அப்ப யாரோடது?"

"உலகத்துக்கு அந்தப் பக்கத்துலயும் ஒரு கழகம் இருக்கும் போல. அவங்க மேற்கால எய்திருக்காங்க. சுத்தி வந்து நம்ம ஓடையில விழுந்துட்டுது."

குருவையா வாலைப் பார்த்தார். சிவப்பு மையில் 'கு' என்று இருந்தது. "அங்கயும் ஒரு குருவையா இருக்கார் தலைவரே. கையெழுத்துகூட என்னோடது மாதிரியே இருக்கு. பாவம், அவர் இப்ப அங்க நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருப்பார்."

அந்த வருத்தம் நாலு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

"பக்கத்துல இருக்கறவங்க பொறுக்கிக் கொடுக்கணும். அதுதான் முறை" என்றார் தலைவர். "வந்த வழியே திருப்பி அனுப்பிருவோம். நீயே எய் குருவையா. உன் பேர்க்காரர்."

குருவையா துண்டைக் கட்டிக்கொண்டார். இந்தத் தடவை பலகையை நினைக்கவில்லை, மைதானத்தை நினைக்கவில்லை. எங்கோ ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் கையில் இது ஒழுங்காகப் போய்ச் சேரணும் என்று மட்டும் நினைத்தார். விட்டார்.

'டக்' என்று ஒரு சத்தம். ஆறு வருஷத்தில் அந்த மைதானத்தில் கேட்காத சத்தம் அது.

அம்பு பலகையில் ரெண்டு கண்ணுக்கும் நட்டநடுவில் குத்திக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. இறகுப்பந்துக்காரர்கள் வலையைச் சுருட்டினார்கள். எஸ்தர் மேடம் நாற்காலியை விட்டு எழாமலே, 'ஒரு அம்பு பலகையில் பட்டது. மைதானம் கழகத்துக்கே' என்று வேகமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு பேரும் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"அதை அடிச்சுருங்க மேடம். அது அவங்க அம்பு. அடுத்தவங்க அம்பை நம்ம பேர்ல எழுதக் கூடாது" என்றார் தலைவர்.

"பலகையைக் கொண்டுவந்து வழியில வச்சது நம்ம தப்பு" என்றார் வாத்தியார்.

குருவையா அம்பைப் பக்குவமாகப் பிடுங்கி, நுனியைத் துடைத்து, அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மாடக்கண்ணுவும் தலைவரும் பலகையைப் பிடித்துத் தூக்கி ஓரமாகச் சாய்த்து வைத்தார்கள். எஸ்தர் மேடம் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். நடை கொஞ்சம் வேகமாகத்தான் இருந்தது.

வழி சுத்தமாயிற்று. குருவையா மறுபடி வில்லை வளைத்தார். அப்போது அவருக்கு ஒரு கவலை வந்தது.

"வாத்தியாரே, நமக்கு இப்ப அஞ்சு மணி. அங்க மணி என்ன இருக்கும்?"

வாத்தியார் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "விடியக்காலம் அஞ்சு. எல்லாரும் நல்லாத் தூங்கிட்டிருப்பாங்க."

"அப்ப மெதுவா விடு. பிள்ளைகுட்டி முழிச்சுக்கிடப் போகுது" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி.

குருவையா நாணைப் பாதிதான் இழுத்தார். சத்தம் வராமல் விட்டார்.