கதவைச் சாத்திப் பாடிய மார்கழி

ஊரில் யார் வீட்டிலும் கடிகாரம் இல்லாத காலம். மார்கழி விடியலில் பஜனை கோஷ்டி தெருத்தெருவாகப் பாடிவரும். அந்த ஜால்ரா சத்தத்தில்தான் மருதங்கோட்டை கண் விழிக்கும். முன்னால் விளக்குப் பிடித்துப் போவாள், பஜனை மடத்தைப் பெருக்குகிற பாவாயி.

ஜமீனுக்குப் புதிதாக வந்த திவான் ரங்காராவ், மடத்து நிலத்துக்கு வரி போட்டார்.

"தர்ம காரியத்துக்குத்தான் வரி கிடையாது. சோறு போட்டால் தர்மம், தண்ணீர்ப்பந்தல் வைத்தால் தர்மம். சாமி பாட்டுப் பாடினால் பாடுகிறவனுக்குப் புண்ணியம். ஊருக்கு என்ன?"

வரி கட்டினால் மடத்தை மூட வேண்டியதுதான். கோஷ்டியை நடத்தும் பாகவதர் மடத்துக் கணக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். பாவாயி சொன்னாள்: "நம்ம புண்ணியந்தானே சாமி, நாளைக்குக் கதவைச் சாத்திக்கிட்டே பாடிடுவோம்."

அப்படியே பாடினார்கள். ஊரே தூங்கிவிட்டது. மாடு கறக்கவில்லை, கடை திறக்கவில்லை. திவான் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே சபைக்கு ஓடிவந்தபோது வெயில் ஏறியிருந்தது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் ஜமீன்தார்.

"பஜனைச் சத்தமே கேட்கவில்லை பிரபு!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். உடனே சமாளித்தார்: "கோழிகூடத்தான் ஊரை எழுப்புகிறது. அதுவும் தர்மமா?"

வரி விஷயமாகப் பாகவதரோடு வந்து வாசலில் நின்ற பாவாயி மெல்லச் சொன்னாள்: "கோழி இன்னிக்கும் கூவிச்சுங்களே, எசமான்."

ஜமீன்தார் சிரித்த சிரிப்பில் வரி போயிற்று.

இன்று எல்லார் தலைமாட்டிலும் கைபேசி கூவுகிறது. தடவி அணைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறோம். பாவாயியின் விளக்கு வாசலைத் தாண்டும்போது அப்படிப் படுக்க யாருக்கும் மனசு வந்ததில்லையாம்.