சரக்கோடு திரும்பிய மிதவை

கடலோரத்தில் ஓர் ஏரி இருந்தது. அதன் கரையெல்லாம் நாணல். அந்த நாணலைக் கிழித்துத்தான் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. ஆண் குருவி பின்னும். பெண் குருவி வந்து அலகால் இழுத்துப் பார்க்கும். மனதுக்குப் பிடித்தால் உள்ளே போகும். பிடிக்காவிட்டால் ஆண் குருவி வேறு கூடு தொடங்க வேண்டும். அது அவற்றின் குல வழக்கம்.

ஒரு நாள் கடற்காகங்கள் பெரிய மிதவை ஒன்றில் வந்து இறங்கின. மிதவை நிறைய வெள்ளைக் கூடுகள்.

"எதற்கப்பா வெயிலில் கிடந்து பின்னுகிறீர்கள்?" என்றது அவற்றின் தலைவன். "செய்த கூடு இதோ இருக்கிறது. ஒரு கூட்டுக்கு ஒரு புதர் நாணல் கொடுத்தால் போதும்."

அலகு நோகாமல் கூடு கிடைத்தால் கசக்குமா? ஆண் குருவிகள் முண்டியடித்து வாங்கின. பெண் குருவிகளும் வெள்ளை நிறத்தில் மயங்கி, இழுத்துப் பார்க்காமலே குடிபுகுந்தன. கடற்காகங்கள் நாணலை அறுத்துப்போய், வெளுத்து, அதையே கூடாக்கி மறுபடி கொண்டுவந்தன. கடைசியில் தெற்குக் கரை நாணல் ஒன்றுதான் மிஞ்சியது.

மடுவன் என்ற நீர்நாய்க்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இந்தக் கரையும் மொட்டையானால் என் குட்டிகள் முதலையிடமிருந்து எங்கே போய் ஒளியும்?" என்று கேட்டது. அடுத்த முறை மிதவை ஏரி முகத்துக்கு வந்தபோது, மடுவன் தன் கூட்டத்தோடு அடியில் நீந்திப்போய்க் கயிறுகளைக் கடித்தது. கட்டியிருந்த மரங்கள் பிரிந்தன. மிதவை கவிழ்ந்தது. எதிர்த்து நின்ற இரண்டு கடற்காகங்கள் செத்தன.

"கவிழ்த்துவிட்டோம்! இனி ஒருவனும் இந்தப் பக்கம் வரமாட்டான்!" என்று மடுவன் கரையில் புரண்டது.

ஆனால் வெள்ளைக் கூடுகள் மிதந்து வந்து கரை ஒதுங்கின. சும்மா கிடைப்பதை யார் விடுவார்கள்? குருவிகள் ஆளுக்கொன்று அள்ளின. தவிட்டி என்ற பெண் குருவியின் துணையான ஆண் குருவி பொன்னுச்சி ஒன்றை எடுத்துவந்து ஈச்சமரத்தில் கட்டியது. மடுவனும் இரண்டை இழுத்துப்போய்க் குட்டிகளுக்கு மெத்தையாகப் போட்டது.

கடற்காகத் தலைவன் உயரப் பறந்து எல்லாவற்றையும் பார்த்தது. "மிதவை போனால் என்ன? ஆசை அப்படியே இருக்கிறது. இதைவிடப் பெரிதாகக் கட்டுங்கள். காவலுக்குக் கடற்பருந்துகளைக் கூப்பிடுங்கள்" என்று தன் ஆட்களிடம் சொன்னது.

ஈச்சமரத்தில் இருந்த தவிட்டியின் காதில் அது விழுந்தது. நேரே மடுவனின் வளைக்குப் போனது.

"மாமா, மிதவையைக் கவிழ்த்த வீரர் நீங்கள். அதன் சரக்கு உங்கள் வீட்டில் படுத்திருக்கிறதே?"

"அது வெற்றிப் பொருள் அம்மா."

"அந்தக் கடற்காகத் தலைவனுக்கு அது அடுத்த வியாபாரம். நம் ஆசையை நம்பி இன்னும் பெரிய மிதவை கட்டச் சொல்கிறான்."

மடுவன் மெத்தையை வெளியே தள்ளியது. அன்று குட்டிகள் ஈர மண்ணில் படுத்தன.

தவிட்டி தன் மரத்துக்குத் திரும்பி வெள்ளைக் கூட்டை அலகால் இழுத்தது. ஒரே இழுப்பில் பாதி பிரிந்தது.

"இதில் நான் முட்டையிட மாட்டேன்."

"மழை முடியப் போகிறதே!" என்று பதறியது பொன்னுச்சி. "இப்போது பின்னத் தொடங்கினால் இந்த வருஷம் குஞ்சு கிடையாது."

"இல்லாமல் போகட்டும். அந்நியன் கூட்டில் பொரித்த குஞ்சுக்கு நாளைக்கு நாணல் எது? ஏரி எது?"

அந்தக் கேள்வி மரத்துக்கு மரம் பரவியது. பெண் குருவிகள் மறந்துபோன வழக்கத்தைக் கையிலெடுத்தன. இழுத்துப் பார்த்தன, உதறின, வெளியே வந்து கிளையில் அமர்ந்தன. ஆண் குருவிகள் முணுமுணுத்துக்கொண்டே தெற்குக் கரைக்குப் போய் நாணல் கிழித்தன. பழக்கம் விட்டுப்போன அலகுகளில் ரத்தம் கசிந்தது.

புதிய மிதவை வந்தது. மேலே கடற்பருந்துகள் வட்டமிட்டன. தலைவன் கூவிக் கூவிப் பார்த்தது. பாதி விலை என்றது. கடைசியில் சும்மாவே தருகிறேன் என்றது. ஒரு குருவியும் இறங்கவில்லை. வெள்ளைக் கூடுகள் கடைசி மழையில் நனைந்து மிதவையிலேயே அழுகின. கூலி கிடைக்காத பருந்துகள் முதலில் பறந்துபோயின. பிறகு மிதவையும் திரும்பியது.

"தவிட்டி, இப்போது காவல் இல்லை. போய்க் கவிழ்த்துவிடட்டுமா?" என்றது மடுவன்.

"வேண்டாம் மாமா. நிறைந்த சரக்கோடு அது ஒவ்வொரு ஏரியாகத் தாண்டிப் போகட்டும். எல்லோரும் பார்க்கட்டும்."

அந்த வருஷம் தவிட்டியின் கூட்டில் குஞ்சு பொரிக்கவில்லை. ஆனால் அறுபட்ட கரைகளில் நாணல் மறுபடி துளிர்த்தது. அடுத்த மழைக்கு அந்த நாணலில் பின்னிய கூட்டைத் தவிட்டி பலமாக இழுத்துப் பார்த்தது. பிறகு உள்ளே போனது.

அந்நியன் கப்பலைக் கவிழ்க்க ஒரு நாள் துணிச்சல் போதும். அவன் சரக்கை நம் வாசலிலேயே தடுத்து நிறுத்த, இழப்பைத் தாங்கும் உறுதி வேண்டும்.